அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டம் எங்கள் ஊர். எனக்கு 27 வயது. எங்கள் குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளம் என்னுடையது, ஆசிரியையாக இருக்கிறேன். அம்மாவுக்கு 49 வயது, இன்னும் கொழுந்து எடுக்கிறார். அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் வேலையிலிருந்து நின்றார். அவருக்குக் கிடைத்த சேமலாப நிதி என் சொந்த அக்காவின் கல்யாணத்திலும் பழைய கடனிலும் நான்கே மாதத்தில் கரைந்துவிட்டது. சம்பளம் வந்த அன்றே மாமா, சித்தி என்று யாராவது கேட்டுவிடுவார்கள், எனக்கு இல்லை என்று சொல்ல வராது. மாதம் 20ஆம் தேதி தாண்டினால் என் கையிலும் ஒன்றும் இருக்காது. டவுனில் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு எடுத்த 40,000 ரூபா கடனும் வீட்டில் இருக்கிறது. பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைத்து மூன்று வருடமாகத் தள்ளிப்போடுகிறேன்.

போன மாதம் 4,900 ரூபாவுக்கு ஒரு சப்பாத்து வாங்கினேன். அம்மா தேய்ந்த செருப்போடு மலைக்குப் போவது நினைவுக்கு வந்ததும் அதைப் போட மனம் வரவில்லை. போர்டிங்கில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் தம்பி (22 வயது) ஹட்டனில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனான். "ஏழ்மை உங்கள் மனதில்தான் இருக்கிறது, மனதை மாற்றினால் பணம் வரும்" என்று பேசினார்கள். சேர 75,000 ரூபா வேண்டுமாம், நான் கடன் எடுத்துத் தர வேண்டுமாம். அக்கா, நான் சுயநலக்காரியாகிவிட்டேனா? பணத்தைப் பற்றி நிம்மதியாக யோசிக்க முடியாதா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்தச் சப்பாத்தைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். நாள் முழுக்க வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவர் நீங்கள். சொந்த உழைப்பில் வாங்கிய சப்பாத்தைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைத்திருக்கிறீர்கள். சுயநலக்காரர்கள் இப்படி ஒளித்து வைப்பதில்லை, அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்பதுதான். ஆனால் இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று பேசாமல் விட்டால், நாளை நீங்கள் பட்டப்படிப்புக்குக் கட்டும் பணமும் அதே கட்டிலுக்கு அடியில்தான் போய்ச் சேரும்.

நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான். எங்கள் காம்பராவில் அடுப்புக்கு மேல் ஒரு பலகை, அதன் மேல் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியில் இருந்த படம் புகையில் கறுத்து என்ன படம் என்றே தெரியாமல் போயிருந்தது. நாங்கள் படுத்த பிறகு அம்மா அதை இறக்கிக் குப்பி லாம்பு வெளிச்சத்தில் திறப்பார். மூடி திறக்கும் அந்த 'டக்' சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. உள்ளே அடகுத் துண்டுகள், நாலாக மடித்து, நகைக்கடை ரோஸ் தாளில் சுற்றி இருக்கும். ஒவ்வொன்றாக விரித்துத் தேதியைப் பார்த்துவிட்டு மறுபடி அதே மடிப்பில் மடித்து வைப்பார். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, இலக்கம் நன்றாகவே தெரியும். நாங்கள் நான்கு பேரும் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்போம். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பணம் என்றால் ஆள் தூங்கிய பிறகு, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தொட வேண்டிய சாமான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சத்தத்திலேயே படித்துக்கொண்டேன்.

உளவளத்துணை வேலைக்கு வந்த பிறகு பார்க்கிறேன், தலவாக்கலையிலிருந்து வந்தாலும் அப்புத்தளையிலிருந்து வந்தாலும் எல்லா வீட்டிலும் இந்த டின் இருக்கிறது. சில வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால், சில வீட்டில் அரிசி வாளிக்குள். உங்கள் கடிதத்தில் டவுன் கடனைத் தொகையோடு எழுதியிருக்கிறீர்கள், அடகைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்களுக்குத் தெரியாத துண்டுகள் அம்மாவிடம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்த வெட்கம் உங்கள் வீட்டில் முளைத்ததல்ல. நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த காலத்தில் பயணச் செலவே கங்காணி கொடுத்த முற்பணமாக, கடனாக எழுதப்பட்டது. தோட்டத்தில் முதல் கொழுந்தோ பழமோ பறிக்கும் முன்பே ஆள் கடனாளி. பிறகு துண்டு முறை. இன்னாருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். இன்னொரு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆள் மலை மாறினாலும் கடன் கூடவே போகும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். சட்டம் வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது, சொல் மட்டும் நம் வாயில் நிற்கிறது. அடகுக்குத் துண்டு, சம்பளத்துக்குத் துண்டு, மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் துண்டு விழும். தீபாவளி அட்வான்ஸை எடுத்துவிட்டு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டக் கொடுப்பதும் அந்தப் பாதையில் வந்த பழக்கம்தான்.

அதோடு சம்பளத்தையும் பாருங்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாவுக்கு வந்ததே 2021இல்தான், அதற்கு எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது. அது 1,350 ஆனது 2024இல். இடையில் 2022இல் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, ரொட்டி மாவின் விலை எங்கே போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை அடித்து வேலை நின்றால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. எடை குறைந்தால் அரைப் பேர். இந்தக் கணக்குக்குள் பிள்ளைகளை வளர்த்து ஒருத்தியை ஆசிரியையாக்கிய தாயைப் பார்த்து "ஏழ்மை உங்கள் மனதில் இருக்கிறது" என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் அம்மாவின் மனதில் ஒரு குறையும் இல்லை தங்கை. குறை கூலியில் இருந்தது.

ஆனாலும் இல்லாமை மனதை ஒன்றும் செய்யாமல் விடுவதில்லை. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்த ஓர் ஆய்வு 2013இல் சயன்ஸ் இதழில் வந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நேரத்தில் ஒரு தடவை, அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு தடவை என்று அதே ஆட்களுக்கு யோசனைச் சோதனைகள் வைத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் நன்றாகச் செய்தார். அறிவு கூடவில்லை, குறையவுமில்லை. காசுக் கவலை மூளையில் பிடித்து வைத்திருந்த இடம் விடுபட்டது, அவ்வளவுதான். 20ஆம் தேதிக்குப் பிறகு வீட்டிலிருந்து போன் அடித்தால் உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறதா? பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தால் கடன் கணக்கு வந்து நிற்கிறதா? அது உங்கள் குணக்கேடு அல்ல, அந்த விவசாயிகளுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கிறது.

உங்களுக்கு வருவது மாதச் சம்பளம், மனது மட்டும் நாள் சம்பளத்தில் நிற்கிறது. நாள் சம்பளத்துக்காரர் கையில் காசு இருக்கும்போது, எதிரே நிற்கிற அவசரத்துக்குக் கொடுப்பார். நாளைக்கு வைத்தால் நாளைக்கு அது இருக்கும் என்ற நிச்சயம் அவருக்கு இல்லை. கொடுத்து வைத்தாலாவது, தனக்கு ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரி என்று வரும்போது லயமே எழுந்து வரும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பொழுது விடியும் முன் தேத்தண்ணிக்குச் சீனியும் பெட்டிக்குக் காசும் வந்து சேர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் ஆட்களுக்குக் கிடைத்த ஒரே காப்புறுதி அதுதான், அது நல்ல காப்புறுதியும்கூட. அதனால் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் நம் ஊரைத் தெரியாதவர்கள். கேட்டவுடன் கொடுப்பதை மட்டும் விட்டு, முன்கூட்டியே ஒரு தொகையைத் தீர்மானித்து அதிலிருந்து கொடுக்கப் பழகுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள். சமையல் முடிந்து, அம்மா பீலியில் குளித்துவிட்டு வந்து இஸ்தோப்பில் உட்காரும் நேரம் நல்லது. அப்பாவும் இருக்கட்டும். "அம்மா, எங்க எங்க என்ன அடகு இருக்கு, நானும் பாக்கணும்" என்று கேளுங்கள். முதலில் மழுப்புவார். கோபம்கூட வரலாம். விடாமல், உங்கள் சம்பளத் துண்டை முதலில் அவர் கையில் கொடுங்கள். எவ்வளவு வருகிறது, எவ்வளவு வெட்டுகிறார்கள், போர்டிங்குக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். சப்பாத்து 4,900 ரூபா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் கணக்கைத் திறந்தால்தான் அவர் டின்னைத் திறப்பார். என்னிடம் வந்த பல குடும்பங்களில் இந்த ஒரு மத்தியானத்தைக் கடப்பதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. அழுகை வரும், பழைய கதை வரும், யார் கல்யாணத்துக்கு யார் சங்கிலி போனது என்று வரும். வரட்டும். எல்லாத் துண்டையும் பாயில் பரப்பி வைத்து ஒரு கொப்பியில் தொகை, வட்டி, தவணைத் தேதி எழுதுங்கள்.

எழுதிய பிறகு நீங்களே பார்ப்பீர்கள், முதலில் போக வேண்டியது டவுன் கடன்தான். நூற்றுக்குப் பத்து என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது. 40,000க்கு மாதம் 4,000 ரூபா வட்டி. வருடத்துக்கு 48,000. ஒரு வருடம் முழுக்கக் கட்டியும் முதல் 40,000 அப்படியே நிற்கும். 2024இல் வந்த அந்த 1,350 ரூபாக் கூலியால் வகுத்துப் பாருங்கள், அம்மா வருடத்தில் 36 நாள் அந்த வட்டிக்காரருக்காக மலை ஏற வேண்டும். அட்டைக் கடியும் மழையும் அந்த 36 நாளிலும் சேர்த்திதான். அரச ஊழியராக உங்களுக்கு இடர்கடன் கோர வழி இருக்கிறது, வட்டி இதோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. வலயக் கல்விப் பணிமனையில் நீங்களே போய் விசாரியுங்கள். புதுக்கடன் எடுப்பதை நான் சாதாரணமாகச் சொல்ல மாட்டேன். இந்த ஒரு கடனை அடைக்க மட்டும், வேறு எதற்கும் அதில் ஒரு ரூபாகூடத் தொடாமல் எடுக்கலாம். அது முடிந்ததும் இதுவரை வட்டிக்குப் போன 4,000 ரூபாவில் மாதத் தவணையைக் கட்டுங்கள். எஞ்சியது அடகுகளை ஒவ்வொன்றாக மீட்கட்டும்.

வீட்டுக்கு ஒரு தொகையைச் சம்பளம் வந்த அன்றே அனுப்புங்கள். சொந்தக்காரருக்கென்று இன்னொரு சின்னத் தொகை, 3,000 என்று வையுங்கள். அது முடிந்தால் அந்த மாதம் முடிந்தது. கேட்டால் என்ன சொல்வது என்றுதானே உங்களுக்குப் பயம்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாமா, இந்த மாசம் குடுக்குறதுக்குன்னு வச்சது முடிஞ்சு போச்சு. அடுத்த சம்பளத்துல ரெண்டாயிரம் ஏலும். அதுக்கு மேல என்னால ஆகாது மாமா." காரணம் அடுக்காதீர்கள், பொய்யும் வேண்டாம். முதல் தடவை முகம் சுருங்கும். மூன்றாவது தடவை அவரே "ஒனக்கு முடிஞ்சதக் குடு புள்ள" என்பார்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பிணைக் கையொப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். அரசாங்கச் சம்பளம் என்றதும் பிணைக்கு ஆள் தேடி வருவார்கள். எனக்கு 29 வயதில், கூட வேலை செய்த ஒருவருக்குக் கையொப்பம் வைத்தேன். நாலே மாதத்தில் அவர் தவணை கட்டாமல் விட்டார். 26 மாதம் என் சம்பளத்தில் வெட்டினார்கள். வெட்டியதைவிட எனக்கு வலித்தது வேறு. அதை என் கணவரிடம் ஏழு மாதம் சொல்லவில்லை. சம்பளத் துண்டை நாலாக மடித்துப் புடவைக்கு அடியில் வைத்தேன். ஒருநாள் அலுமாரி முன் நின்று அதை மடிக்கும்போதுதான் என் கை அம்மாவின் கை மாதிரியே போவதைப் பார்த்தேன். அன்று இரவே அவரிடம் சொன்னேன். கடன் குறையவில்லை, தூக்கம் வந்தது. உங்களால் முழுக் கடனையும் கட்ட முடியும், கட்டினாலும் பரவாயில்லை என்ற நிலையில் மட்டும் பிணை வையுங்கள். மற்றபடி வேண்டாம்.

இனித் தம்பி. கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது இதுதான். சேரப் பணம் கட்டு, ஆள் சேர்த்தால் பணம் வரும் என்பதுதான் அங்கே சொன்னது என்றால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் இலங்கையில் அது தடை. நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். இலங்கை மத்திய வங்கி இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. அதாவது தம்பி பணத்தை இழப்பதோடு நிற்காது, அவன் லயத்தில் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் அவனும் சட்டத்துக்கு முன் பதில் சொல்ல வேண்டும், அந்த நாலு வீட்டு முற்றத்திலும் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கை அவனோடு உட்கார்ந்து போடுங்கள். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். 5, 25, 125, 625 என்று போகும். ஒன்பதாவது படியில் 19 இலட்சத்து 53 ஆயிரம் பேர் வேண்டும், நுவரெலியா மாவட்டத்தில் அவ்வளவு சனம் இல்லை. பதினோராவது படியில் 4 கோடி 88 இலட்சம், இலங்கையிலேயே அவ்வளவு பேர் இல்லை. கடைசிப் படியில் எப்போதும் நம் மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான் நிற்பார்கள். அவர்கள் கட்டிய 75,000தான் மேலே கோட் போட்டுப் பேசினவரின் வருமானம்.

ஆனால் அவனைத் திட்டாதீர்கள். 22 வயதில் காலை முதல் இரவு வரை கடையில் நின்று, முதலாளி ஏச்சு வாங்கி, ஒரு வழி தெரியாதா என்று தேடுகிற பையன். அந்தக் கூட்டத்தில்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவன் கையைக் குலுக்கி "நீங்க பெரிய ஆளா வருவீங்க" என்று சொல்லியிருப்பார். அது அவனுக்குத் தேவைப்பட்டது. அதை நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும். என்ன வேலை பழகப் பிடிக்கும் என்று கேளுங்கள். மின்னிணைப்போ, குளிரூட்டி திருத்துவதோ, எதுவோ. தொழிற்பயிற்சிக்கு ஒரு பகுதி நீங்கள் தருகிறேன் என்று சொல்ல உங்களால் முடியும். 75,000 கடன் எடுத்துத் தர முடியாது என்பதையும் அதே மூச்சில், அதே பாசத்தோடு சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 49 வயது என்றால் அடுத்த வருடம் அவருடைய சேமலாப நிதியைக் கோரும் வயது வருகிறது, பெண்களுக்கு 50. அவருடைய கூலியிலிருந்து 8 சதவீதம், தோட்டம் போட்ட 12 சதவீதம், இத்தனை வருட மழையும் பனியும் அந்தப் பணத்தில் இருக்கிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் வேலைகொள்வோர் போடும் 3 சதவீதம் தனி. இப்போதே அம்மாவின் அடையாள அட்டையிலும் தோட்டப் பதிவிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் 'ராமாயி', இன்னோரிடத்தில் 'இராமாய்' என்று கிடந்து பணம் மாதக்கணக்கில் இழுபட்ட வீடுகள் எனக்குத் தெரியும். வித்தியாசம் இருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் இப்போதே கேட்டுச் சரிசெய்யத் தொடங்குங்கள். பணம் வரும்போது அம்மா பெயரிலேயே, அம்மா கையொப்பத்தில் போகட்டும். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசாங்க உத்தரவாதம் இருக்கிறது. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அப்பாவின் பணம் வந்தபோது அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா? அது நான்கே மாதத்தில் கரைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் கல்யாணத்துக்கும் கடனுக்கும் போனது என்றும் அதே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் மனதில் ஓர் ஆசை இருந்திருக்கும், ஒரு ஆடு, ஒரு மலக்கறித் தோட்டம் ஏதாவது. ஞாயிற்றுக்கிழமை அதையும் கேட்டுப் பாருங்கள்.

படிப்பை இனித் தள்ளிப்போடாதீர்கள். கடன் முழுக்க முடியட்டும், தம்பி நிலைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றால் 40 வயது வந்துவிடும். மாதம் 2,500 ரூபா என்று தனிக் கணக்கில் போடுங்கள், தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கென்றால் தபாற்கந்தோரிலேயே போடலாம். கணக்குப் புத்தகத்தின் அட்டையில் 'படிப்பு' என்று எழுதுங்கள். அதைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். திறந்த பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். பட்டம் கிடைத்தால் சம்பளப் படியும் ஏறும், அது வீட்டுக்கும் நல்லது. வீட்டுக்கு ஒரு நன்மையும் இல்லாவிட்டாலும், உங்களுக்குப் படிக்க ஆசை என்ற ஒரு காரணம் போதும்.

சப்பாத்தை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை அதையே போட்டுக்கொண்டு வீட்டுக்கும் போங்கள். அம்மாவின் கால் அளவை ஒரு தாளில் வரைந்து எடுத்து வாருங்கள், சொந்தக்காரருக்கு வைத்த பணத்தில் அடுத்த மாதம் முதல் பங்கு அவருடைய செருப்புக்கு.

ஞாயிறு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். டின்னில் எத்தனை துண்டு இருந்தது என்பதையெல்லாம் பிறகு சொல்லலாம். தம்பி இன்னும் அந்த 75,000ஐக் கட்டவில்லை என்பதை முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா